காப்பகமா, கல்விக்கூடமா? பாலர் கல்வியின் இரட்டை வரலாறு

#1 செங்காங் செல்வன்

வணக்கம். நம் சிங்கப்பூரில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பாலர் பள்ளியில் படித்தால் அந்தப் பள்ளி கல்விச் சட்டத்தின்கீழ் வந்தது. அதே குழந்தை அடுத்த புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்திற்குப் போனால் அந்த நிலையம் 1988ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்கீழ் வந்தது. அமைச்சும் வேறு, விதிகளும் வேறு. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு தொடங்கப்பட்டபோதுதான் இரண்டும் ஒரே கண்காணிப்பின்கீழ் வந்தன. 2017இல் நிறைவேறிய சட்டம் 2019 ஜனவரியில் நடப்புக்கு வந்த பிறகே இரண்டுக்கும் ஒரே உரிம முறை ஏற்பட்டது.

இந்தப் பிரிவினையை நம் அதிகாரிகள் உண்டாக்கியதாக நான் நினைக்கவில்லை. பாலர் கல்வி ஐரோப்பாவில் தோன்றியபோதே இரண்டு வெவ்வேறு கவலைகளிலிருந்து தோன்றியது.

முதல் கவலை, பெற்றோர் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது. அல்சாஸ் மலைக் கிராமங்களில் பாதிரியாராக இருந்த ஓபர்லின், 1770ஆம் ஆண்டு வாக்கில், ஏழைக் குடியானவர்களின் சிறு பிள்ளைகளைப் பெண்கள் சிலரின் பொறுப்பில் விட்டுப் பின்னல் வேலையும் பாட்டும் செடிகொடிகளின் பெயர்களும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஊரில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன், பத்து வயதுக்குட்பட்டவர்களை ஆலையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, 1816 ஜனவரி முதல் நாளில் தொழிலாளர் பிள்ளைகளுக்கான பள்ளியைத் திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தைகூட அங்கே சேரலாம். அடிக்கக்கூடாது, புத்தகத்தைத் திணிக்கக்கூடாது, பொருள்களைக் காட்டிப் பேச வேண்டும், ஆடவும் பாடவும் விட வேண்டும் என்பவை அங்கிருந்த விதிகள். முதல் ஆசிரியரான ஜேம்ஸ் புக்கானன் ஒரு நெசவாளர். அவருக்கு உதவியாக இருந்த மாலி யங் ஆலையில் வேலை செய்த இளம்பெண்.

இரண்டாவது கவலை, குழந்தையின் மனம் எப்படி வளர்கிறது என்பது. படங்களோடு கூடிய பாடநூலை 1658இல் வெளியிட்ட கொமேனியஸிலிருந்து, ரூசோ, பெஸ்டலோட்ஸி ஆகிய கல்விச் சிந்தனையாளர்கள் வழியாக இது ஜெர்மானியரான ஃபிரெடெரிக் ஃபுரோபலிடம் வந்து சேர்ந்தது. அவர் 1837இல் பாட் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய விளையாட்டுக் கூடத்திற்கு 1840இல் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். அதை அவர் தொடங்கியது வேலைக்குப் போகும் தாயின் நெருக்கடியைத் தீர்ப்பதற்காக அன்று. விளையாட்டே குழந்தையின் படிப்பு என்று அவர் நம்பினார்.

முதல் வழியில் வந்தவை பராமரிப்பு நிலையங்கள், இரண்டாவது வழியில் வந்தவை பாலர் பள்ளிகள் என்பது என் கருத்து. நம் இரு சட்டங்களும் இந்தப் பழைய கோட்டின்மேல் நின்றவைதாம். இத்துறையில் பணியாற்றியவர்கள் இதை ஏற்கிறீர்களா?

#2 மலர்விழி, தோ பாயோ

தம்பி, பாலர் பள்ளி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். ஐரோப்பாவுக்கு நீங்கள் போட்ட கோடு சரியாக இருக்கலாம். சிங்கப்பூரில் கதை சோற்றிலிருந்து தொடங்கியது.

ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது இங்கே பிள்ளைகள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். 1946இல் அமைக்கப்பட்ட சமூக நலத்துறை, 1947இல் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் நிலையங்களைத் திறந்தது. சாப்பிட வந்த பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் தெருவுக்குத்தானே திரும்ப வேண்டும்? அவர்களை உட்காரவைத்துப் பாட்டும் கைவேலையும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த வழியில் வளர்ந்தவைதாம் அரசாங்கத்தின் பகல்நேரக் காப்பகங்கள். 1970களில் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போனபோது காப்பகங்களின் தேவை கூடியது. 1977இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) அந்தக் காப்பகங்களை ஏற்று நடத்தத் தொடங்கியது.

பாலர் பள்ளிகள் வேறு வழியில் பெருகின. கிறிஸ்துவ சபைகளின் பள்ளிகள் வசதியுள்ளவர்களுக்கு முன்பே இருந்தன. 1960களில் மக்கள் செயல் கட்சியின் கிளைகளிலும் மக்கள் கழகத்தின் சமூக மன்றங்களிலும் பாலர் வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் தொடங்கின. கட்சி நடத்திய வகுப்புகளை 1986இல் அமைக்கப்பட்ட மசெக சமூக அறநிறுவனம் ஏற்றுக்கொண்டது. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் சிங்கப்பூரர்களில் எத்தனையோ பேர் முதன்முதலில் பென்சில் பிடித்தது அத்தகைய வகுப்புகளில்தான்.

நான் வேலை பார்த்த இடத்தில் காலையில் ஓர் அணி, பிற்பகலில் ஓர் அணி. முதல் அணி கிளம்பும்போதே அடுத்த அணி வாசலில் நிற்கும். ஸ்டென்சில் தாளை எழுத்தாணியால் கீறி, உருளையில் மாட்டிச் சுற்றி, மை காயாத பயிற்சித்தாள்களைத் தரையில் பரப்பிவைப்போம். சிலருடைய சட்டைக் கையில் அந்த நீல மை ஒட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகும். பிள்ளையை அழைத்துப்போக வரும் தாய், பையைத் திறந்து இன்று எத்தனை தாள் முடித்தான் என்றுதான் முதலில் பார்ப்பார். மணலில் விளையாடினான் என்று சொன்னால் முகம் வாடிவிடும்.

அதற்காக அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் அறிக்கையையொட்டி 1979இல் வந்த புதிய கல்வி முறையில், தொடக்கநிலை மூன்றின் முடிவிலேயே பிள்ளைகளைத் தரம்பிரித்தார்கள். ஒன்பது வயதில் வாசல் அடைபடும் என்றால் ஐந்து வயதிலேயே ஓடவைக்கத்தான் செய்வார்கள். மேலே வைத்த தேர்வின் பாரம் கீழ்வகுப்புவரை இறங்கியது. எங்களைப் போன்றவர்கள் ஃபுரோபலைப் பயிற்சி வகுப்பில் படித்துவிட்டு மறுநாள் காலையில் ஸ்டென்சில் உருளையைச் சுற்றினோம்.

#3 அடையாற்றுக்காரன்

மலர்விழி அம்மாவுக்கு வணக்கம். நான் சென்னையிலிருந்து வந்து இங்கே குடியேறியவன். செல்வன் சார் போட்ட கோட்டை மரியா மான்டிசோரி ஒருவரே அழித்துவிடுகிறார் என்று நினைக்கிறேன்.

1907 ஜனவரி 6ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லம் எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். அந்தச் சேரிப் பகுதியில் அடுக்குமாடிகளைச் சீரமைத்த கட்டட நிறுவனத்துக்குக் குழந்தை மனத்தைப் பற்றிய அக்கறை எதுவும் இல்லை. பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கி, படிக்கட்டைச் சேதப்படுத்தியதுதான் அவர்களுக்குத் தலைவலி. பிள்ளைகளை ஓரிடத்தில் அடைத்துவைக்க ஆள் தேடியபோது, மருத்துவரான மான்டிசோரி அந்தப் பொறுப்பை ஏற்றார். அது தொடங்கியது கலப்பில்லாத காப்பகமாக; அதிலிருந்துதான் இன்று உலகிலேயே விலையுயர்ந்த பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் நிற்கும் கல்விமுறை பிறந்தது. ஆகவே பராமரிப்பு ஒரு வழி, கல்வி ஒரு வழி என்று பிரித்துச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவருடைய வாழ்க்கையில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. 1939இல், ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, அறுபத்தொன்பது வயதில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்கு மகன் மரியோவுடன் வந்தார். கீற்றுக் கொட்டகைகளின்கீழ் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். சில மாதங்கள் தங்கிப் போக வந்தவர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மரியோவைப் பகைநாட்டவர் என்று அடைத்துவைத்தது. ஆகஸ்ட் 31ஆம் தேதி அந்த அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளை முன்னிட்டு மகனை விடுவித்தார்கள். ஆனாலும் போர் முடியும்வரை அவர்கள் இந்தியாவிலேயே இருந்தார்கள். கொடைக்கானலில் இருந்த காலத்தில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, செடியையும் பூச்சியையும் நேரில் காட்டிக் கற்பித்த அனுபவம், அவருடைய பிற்காலச் சிந்தனையையே மாற்றியது. பிறந்தது முதல் மூன்று வயதுவரையான பருவத்தைப் பற்றி அவர் விரிவாகப் பேசத் தொடங்கியதும் இந்திய ஆண்டுகளில்தான்.

அதற்கு முன்பே குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920இல் பவநகரில் பால மந்திரைத் தொடங்கியிருந்தார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரைக் கிராமமான போர்டியில், பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அவர்களுடைய வீட்டு முற்றத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார். மான்டிசோரியின் மெருகேற்றிய மரச்சாமான்களுக்குப் பதிலாகக் களிமண், விதை, இலை, கூழாங்கல் ஆகியவையே அங்கே கற்பிக்கும் பொருள்கள். இந்திய அரசு 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அங்கன்வாடி என்ற அமைப்பு நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்ஜிஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. என் தலைமுறைக் கிராமத்துப் பிள்ளைகள் பால்வாடிக்குப் போனதே அந்தச் சோற்றுக்காகத்தான். அம்மா சொன்ன 1947ஆம் ஆண்டுச் சிங்கப்பூரின் கதையும் இதுவும் ஒன்றுதான்.

#4 ஐயவாதி

வரலாறு நன்றாக இருக்கிறது. ஆனால் பெரியவர்களின் பெயர்களைச் சொல்லும்போது அவர்களுடைய முறைகளுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓவனின் பள்ளியைப் பார்த்து லண்டனில் மழலையர் பள்ளிகள் பெருகியபோது, சாமுவேல் வில்டர்ஸ்பின் ஏராளமான பிள்ளைகளைப் படிப்படியாக உயர்ந்த மேடையில் வரிசையாக உட்காரவைத்து ஒரே குரலில் ஒப்பிக்கவைக்கும் ஏற்பாட்டைப் பரப்பினார். விளையாட்டுத் திடலையும் அவர் வலியுறுத்தினார் என்பது உண்மை. எனினும் பல இடங்களில் பிழைத்து நின்றது மேடைதான். ஃபுரோபலின் வண்ண நூல்பந்துகளும் மரத்தால் ஆன உருண்டையும் கனசதுரமும் அவருடைய சீடர்களின் கையில், இந்தக் கட்டையை இப்படி வை, இப்போது எடு என்று ஆணையிடும் பயிற்சியாகச் சுருங்கின. மான்டிசோரி என்ற பெயரைப் பொறுத்தவரை, அமெரிக்காவிலேயே அது யாருக்கும் தனியுரிமையான வணிகப் பெயரன்று என்று முடிவாகிவிட்டது. பெயர்ப்பலகையைப் பார்த்துக் கூடுதலாகப் பணம் கட்டும் பெற்றோர் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று. பாலர் கல்வியில் செலவிடும் ஒவ்வொரு வெள்ளியும் பல மடங்காகத் திரும்பும் என்று கருத்தரங்குகளில் கேட்கிறோம். அந்தப் பேச்சின் முக்கியமான ஆதாரம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி ஊரில் 1962க்கும் 1967க்கும் இடையே நடந்த பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு. அதில் இருந்தவர்கள் 123 பிள்ளைகள். 58 பேருக்குப் பாலர் பள்ளி கிடைத்தது, 65 பேருக்குக் கிடைக்கவில்லை. எல்லாரும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நுண்ணறிவுத் தேர்வில் கிடைத்த முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. நாற்பது வயதில் பார்த்தபோது வருமானத்திலும் சட்டச் சிக்கல்களில் மாட்டாமல் இருந்ததிலும்தான் வேறுபாடு தெரிந்தது. பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் இதை ஆண்டுக்கு 7 முதல் 10 விழுக்காட்டு ஆதாயம் என்று கணித்தார்.

எதுவும் கிடைக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கிடைத்த கணக்கு அது. 2016இல் இங்கே தொடங்கிய கிட்ஸ்டார்ட் திட்டம் குறைந்த வருமானக் குடும்பங்களைத் தேடிப்போவதற்கு அது நல்ல நியாயம். வசதியான வீட்டுப் பிள்ளையை மூன்று வயதில் நான்காவது துணைப்பாட வகுப்பில் சேர்ப்பதற்கு அது நியாயமே அன்று.

#5 செங்காங் செல்வன்

அடையாற்றுக்காரர் சொன்ன சான் லொரென்சோ எடுத்துக்காட்டு வலுவானது. இரண்டு கவலைகளும் ஒரே அறையில் சந்தித்த இடம் அது. ஆயினும் சட்டமும் ஊதியமும் அந்த அறையைப் பின்பற்றவில்லை. பிரான்ஸ் 1881இல் தன் மழலையர் காப்பகங்களைப் பள்ளிக்கல்வியின் பகுதியாக மாற்றியது. பெரும்பாலான நாடுகள் அப்படிச் செய்யாமல், கற்பிப்பவருக்கு ஒரு மதிப்பும் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு மதிப்பும் என்று வைத்துக்கொண்டன.

அரசியலும் இதில் புகுந்தது. 1851இல் பிரஷ்ய அரசு, நாத்திகத்தையும் சமதர்மத்தையும் பரப்புகின்றன என்று சொல்லிக் கிண்டர்கார்ட்டன்களைத் தடைசெய்தது. ஃபுரோபலின் உறவினர் கார்லின் எழுத்தை அவருடையது என்று குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். ஃபுரோபல் மறு ஆண்டே இறந்தார், தடை 1860வரை நீடித்தது. நாட்டைவிட்டு வெளியேறிய ஜெர்மானியப் பெண்கள் போன இடங்களிலெல்லாம் அந்த முறையைக் கொண்டுபோனார்கள். 1856இல் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மார்கரெத் ஷூர்ஸ் தம் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அவற்றில் ஒன்று. தடை செய்தவர்களே பரப்பியவர்களாகவும் ஆனார்கள்.

#6 யாழினி, பொங்கோல்

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் போதும் என்று நினைக்கிறேன். என் மகளுக்கு நான்கு வயது. வீட்டுக்கு அருகில் நான் விசாரித்த நிலையங்களில் தாய்மொழி என்றால் பெரும்பாலும் மாண்டரின் மட்டுமே. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பதால் தமிழாசிரியரை அமர்த்த முடியவில்லை என்கிறார்கள். கல்வி அமைச்சு 2014இல் தொடங்கிய பாலர் பள்ளிகளில் மூன்று தாய்மொழிகளும் உண்டு, நாள்தோறும் ஒரு மணி நேரம் தாய்மொழிக்கு உண்டு என்பது தெரியும். ஆனால் அந்தப் பள்ளி நான்கு மணி நேரம்தான். மீதி நேரத்துக்கு அங்கேயே பராமரிப்புச் சேவையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செல்வன் அண்ணன் சொன்ன கோடு என் வீட்டு நாட்காட்டியின் நடுவிலேயே ஓடுகிறது.

என் கேள்வி இதுதான். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் வெலிங்டனுக்கு அருகே வைனுயோமாட்டாவில் தே கோஹங்கா ரியோ என்ற மழலையர் இல்லத்தைத் தொடங்கினார்கள். மாவோரி பேசும் குழந்தைகள் அருகிப்போன நேரத்தில், மொழி தெரிந்த பாட்டிமாரையும் தாத்தாமாரையும் அழைத்து, பிள்ளைகளோடு நாள் முழுவதும் மாவோரியிலேயே பேசவைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் 14,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அத்தகைய இல்லங்களில் இருந்தார்கள். பாடத்திட்டம் எழுதுவதற்கு முன்பே இதைச் செய்தார்கள். இங்கே தமிழுக்கு இப்படி எதையாவது செய்ய முடியுமா?

#7 ஐயவாதி

அந்த எண்ணிக்கை பிறகு குறைந்துவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள், யாழினி. அரசாங்கத்தின் உரிமமும் மானியமும் வந்தபோது தகுதிச் சான்றிதழும் கட்டட விதிகளும் கூடவே வந்தன. பாட்டிமாரால் அவற்றை நிறைவேற்றுவது எளிதாக இருக்கவில்லை. மேலும் அங்கே மாவோரிப் பிள்ளைகள் சேர்ந்து வாழும் ஊர்கள் இருந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழும் நமக்குத் தமிழ் மட்டும் பேசும் நிலையம் நடைமுறையில் சாத்தியமாகாது. அது நல்லதா என்பதும் வேறு கேள்வி.

#8 மலர்விழி, தோ பாயோ

யாழினி, முழுநிலையம் வேண்டாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு பராமரிப்பு நிலையத்தில் மாற்று ஆசிரியையாகச் சில காலம் இருந்தேன். தமிழ்ப் பாடத்தை நடத்தக் காலையில் ஓர் ஆசிரியை வருவார், திறமையானவர்தான். அட்டையைக் காட்டினால் பிள்ளைகள் யானை, குதிரை என்று சரியாகச் சொல்வார்கள். அட்டையை மூடினால் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே சமையல்காரம்மா தமிழ்ப் பெண்மணி. மதியம் சோறு போடும்போது, 'பூசணிக்காய் இனிக்கும்டா, கடிச்சுப் பாரு', 'தண்ணியைச் சிந்தாமக் குடி', 'போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா?' என்று பேசிக்கொண்டே போவார். தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேரும் அவரிடம் மட்டும் தமிழில் பதில் சொன்னார்கள். 'சூடா இருக்கு, ஊதிக் கொடுங்க' என்று ஒருத்தி சொன்னாள். எந்த அட்டையிலும் அந்த வாக்கியம் இல்லை.

2003இல் கல்வி அமைச்சு வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பும், 2012இலும் 2022இலும் வந்த அதன் திருத்திய வடிவங்களும் விளையாட்டின் வழியாகக் கற்பதைத்தான் வலியுறுத்துகின்றன. எழுத்தில் குறையில்லை. ஆனால் நம் மனத்தில் பாடவேளை என்பது படிப்பு. சாப்பாடு, கைகழுவுதல், தூக்கம் ஆகியவை வெறும் பராமரிப்பு. தாய்மொழியைப் பாடவேளைக்குள் வைத்துவிட்டுப் பராமரிப்பு நேரத்தை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டோம். குழந்தை பேசக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ஆகவே நிலையங்களுக்குப் போகும்போது, தமிழ் சொல்லித்தருகிறீர்களா என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், அம்மா. தமிழாசிரியர் எத்தனை மணிவரை இருப்பார், மதிய உணவின்போது யார் பக்கத்தில் இருப்பார், தமிழ் பேசத் தெரிந்த உதவியாளர் யாராவது இருக்கிறார்களா, அவர் பிள்ளைகளோடு தமிழில் பேசலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கும் தமிழ் உதவியாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

#9 யாழினி, பொங்கோல்

நன்றி, அம்மா. மகளின் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்திருக்கும் நிலையத்தில் இதைக் கேட்கிறேன். அங்கே தமிழ் பேசும் உதவியாளர் ஒருவர் இருப்பதை வாசலில் கவனித்தேன். ஆனால் அவர் பச்சிளங்குழந்தைகளின் பிரிவில் இருக்கிறார்.

#10 ஐயவாதி

அங்கேதான் சிக்கல் வரும். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் இத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் என்று ஆள் விகிதம் இருக்கிறது. பச்சிளங்குழந்தைகளிடமிருந்து அவரை அரை மணி நேரம் எடுத்தால் அங்கே வேறொருவரை நிறுத்த வேண்டும். மதிய உணவு நேரம் எல்லாப் பிரிவுகளிலும் ஆள் பற்றாக்குறையான நேரம். கட்டண உச்சவரம்புக்கு உட்பட்ட நடத்துநர், மூன்று பிள்ளைகளுக்காகத் தமிழாசிரியரை மதியம் இரண்டு மணிவரை வைத்திருக்க வேண்டுமானால் அந்தக் கூடுதல் ஊதியத்தை யாராவது கொடுக்க வேண்டும். மலர்விழி அம்மாவின் வாதத்தை நான் ஏற்கிறேன். சமூக அமைப்புகள் பாட்டுப்போட்டிக்கும் மாறுவேடப்போட்டிக்கும் தேடித்தரும் ஆதரவாளர்களை இந்த இரண்டு மணி நேர ஊதியத்துக்குத் தேடித்தருமா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம்.